புதன் இரவு 11:59: ஆன்லைன் கோர்ஸில் எல்லோருக்கும் 24/25, ஆனால் வீடியோவை யாரும் திறக்கவில்லை

வைப்பாற்றங்கரை | திங்கள், இரவு 9:40

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன வருடம் முதல் எங்கள் துறையின் என்பிடெல் பொறுப்பும் என் தலையில்தான்.

தெரியாதவர்களுக்கு: ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய வீடியோ பாடத்திட்டம் இது. 2014இல் தேர்வும் சான்றிதழும் வந்தன. இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஓடுகிறது. 4, 8, 12 வாரக் கோர்ஸ்கள் உண்டு. சேர்வது இலவசம். வாராவாரம் ஒரு அசைன்மெண்ட், அதற்குக் கெடு பெரும்பாலும் புதன் இரவு 11:59. கடைசியில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு, அதற்குக் கட்டணம் 1000 ரூபாய். அசைன்மெண்டுக்கு 25, தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30, இரண்டும் வாங்கினால்தான் சான்றிதழ்.

வகுப்பில் 58 பேரும் சேர்ந்தார்கள். சேர்ந்தார்கள் என்றால், லேபில் வரிசையாக உட்காரவைத்து நான் சேர்த்துவிட்டேன். 12 வாரக் கோர்ஸ். அசைன்மெண்ட் மதிப்பெண் பார்த்தால் 22, 23, 24. பெருமை தாங்காமல் துறைத் தலைவரிடம் போய்க் காட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது. தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் 19. தேறியவர்கள் 8.

ஒரு பையனைக் கூப்பிட்டு, நாலாவது வாரத்தில் என்ன பாடம் வந்தது என்று கேட்டேன். "மேடம், வீடியோவைத் திறந்ததே இல்லை" என்றான். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. பொய் சொல்லவில்லையே என்று அனுப்பிவிட்டேன்.

இதே பிள்ளைகள்தான் போனில் தட்கல் டிக்கெட் போடுகிறார்கள். யூடியூப் பார்த்து லேப்டாப்பைப் பிரித்து மாட்டுகிறார்கள். டெக்னாலஜி வராது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். "ஆர்வம் இல்லை, ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கரைக் கூப்பிடலாம்" என்கிறார் தலைவர். அந்த ஸ்பீக்கருக்குப் பொன்னாடை வாங்குவதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

---

கரும்பலகை | திங்கள், இரவு 10:15

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியன். டெக்னாலஜி வராது என்று சொல்ல முடியாது என்கிறீர்கள். அது உங்கள் கல்லூரிக்குப் பொருந்தலாம். எங்கள் ஊரில் 2020இல் நான் பார்த்தது வேறு.

வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பா கையில். அவர் வேலை முடித்து இரவு 8 மணிக்கு வந்தால்தான் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கிடைக்கும். அதற்குள் தம்பி பிடுங்கிவிடுவான். காலை 10 மணி வகுப்புக்கு அந்தப் பெண் எங்கிருந்து வருவாள்? கல்வித் தொலைக்காட்சியை அரசு 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் டிவி இருந்த வீடுகளுக்கு அது ஓரளவு கைகொடுத்தது. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே. கல்லூரிப் பிள்ளைகளுக்காவது 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

"ஆர்வமில்லை" என்று எழுதுவதற்கு முன்னால், கையில் போன் இருந்ததா என்று கேட்க வேண்டும். என் பள்ளியில் அப்படித்தான் ஒரு பெண்ணை "ஆன்லைனில் வராதவள்" என்று நானே பதிவேட்டில் எழுதினேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன்.

---

தேர்வறை_23 | திங்கள், இரவு 11:02

மேடம், நான் வேறு காலேஜ், மூன்றாம் ஆண்டு. உங்கள் பையன் சொன்னது 100% உண்மை. எப்படி நடக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

அசைன்மெண்ட் வந்த இரண்டு நாளில் யூடியூபில் விடையோடு வீடியோ வந்துவிடும். டெலிகிராமில் இன்னும் சீக்கிரம். கிளாஸ் குரூப்பில் ஒருத்தன் போட்டோ போடுவான்: 1-சி, 2-ஏ, 3-பி. புதன் இரவு 11:40க்கு உட்கார்ந்தால் 11:44க்கு வேலை முடிந்துவிடும். ஒரு செமஸ்டரில் மூன்று கோர்ஸ் வரை இப்படி ஓட்டியிருக்கிறேன்.

சோம்பேறித்தனம் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் அதே செமஸ்டரில் தமிழ் யூடியூப் சேனல் ஒன்றில் பைதான் முழுக்கப் பார்த்தேன். சான்றிதழ் இல்லை, மார்க் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. சீனியர் ஒருத்தருக்கு இண்டர்வியூவில் அதைத்தான் கேட்டார்கள் என்று ஹாஸ்டலில் சொன்னார், அவ்வளவுதான். இரவு 2 மணி வரை உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த காலேஜ் கோர்ஸ் எனக்கு எதற்கு என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. "எல்லாரும் என்ரோல் பண்ணுங்க, கவுண்ட் வேணும்" என்றார்கள். கவுண்ட்தானே கேட்டார்கள், கொடுத்துவிட்டோம்.

---

மாதிரி_பிழை | செவ்வாய், காலை 6:50

தம்பி கடைசி வரியில் சொன்னதைத்தான் நான் நாலு வருடமாக ஆய்வேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

ஆன்லைன் கற்றல் ஆய்வில் எல்லோரும் கையில் எடுப்பது ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒரு கருவியை ஒருவர் ஏற்பாரா மாட்டாரா என்பதை இரண்டு கேள்விகளில் அடக்குகிறது. இதனால் எனக்குப் பயன் உண்டா? இது கையாள எளிதா? அவர் சோதித்தது 152 பேரிடம், நாலு மென்பொருள்களை வைத்து. எளிமையைவிடப் பயன்தான் பயன்பாட்டோடு வலுவாக ஒட்டியது என்பது அவருடைய முடிவு. பயன் இருந்தால் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பயன் இல்லாத ஒன்றை எவ்வளவு எளிதாக்கினாலும் தொட மாட்டார்கள். தட்கல் டிக்கெட்டைவிடக் கஷ்டமான தளம் ஏதாவது உண்டா? எல்லோரும் கற்றுக்கொண்டோமே.

2003இல் வெங்கடேஷும் டேவிஸ் உட்பட மூவரும் சேர்ந்து இதை விரித்தார்கள். சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கு, வசதி வாய்ப்பு இரண்டும் உள்ளே வந்தன. கரும்பலகை ஐயாவின் "கையில் போன் இருந்ததா" என்ற கேள்வி அந்த வசதி வாய்ப்பைப் பற்றியதுதான். இன்னொன்றையும் சேர்த்தார்கள், அதை நம்மூரில் யாரும் சீண்டுவதில்லை: அந்தக் கருவியை ஆள் தானாக எடுத்தாரா, கட்டாயத்தில் எடுத்தாரா.

மேடம், உங்கள் 58 பேரும் தொழில்நுட்பத்தை அருமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அதைப் படிக்கும் கருவி என்று நினைத்தீர்கள். அவர்கள் கைக்கு அது அசைன்மெண்ட் மார்க் எடுக்கும் கருவியாகப் போயிருக்கிறது. அந்த வேலைக்கு அது 4 நிமிடத்தில் முடியும் பிரமாதமான கருவி.

கூடவே ஒரு புலம்பல். நம் பல்கலைக்கழகங்களில் "ஆன்லைன் கற்றலை மாணவர்கள் ஏற்கிறார்களா" என்று எத்தனை ஆய்வேடு! எல்லாமே கூகுள் ஃபார்ம், வாட்ஸாப் குரூப்பில் அனுப்பி, 1 முதல் 5 வரை டிக் அடிக்கச் சொல்வது. போன் இல்லாத பெண்ணுக்கு அந்த ஃபார்ம் போகவே போகாது. அவளை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் 4.2 வராமல் என்ன வரும்? என் முதல் ஆய்வும் அப்படித்தான் இருந்தது. மாதிரி_பிழை என்ற என் பெயரே, ஆட்களைத் தவறாகப் பொறுக்கிய அந்த ஆய்வுக்கான பிராயச்சித்தம்.

---

வானம்பாடி_எக்ஸ் | செவ்வாய், காலை 8:05

[விளம்பரச் சுட்டி நீக்கப்பட்டது. கோச்சிங் விற்பதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. — திண்ணைக் காவலர்]

---

இரண்டாம்_ஷிப்ட் | செவ்வாய், இரவு 11:50

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். கோவையில் பம்ப் கம்பெனியில் இருக்கிறேன், வயது 33, டிப்ளமோ. ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படித்துக்கொண்டிருக்கிறேன். 2020இல் தொடங்கினார்களே, அது. ஜேஇஇ தேவையில்லை. முதலில் நாலு வாரம் தகுதிச் சுற்றுப் பாடம், அதற்கு ஒரு தேர்வு, தேறினால் உள்ளே போகலாம்.

தகுதிச் சுற்றில் ஒரு தடவை விழுந்தேன். கணக்கில். பத்து வருடம் கழித்துப் பேனாவைப் பிடித்தவனுக்கு மடக்கையும் சார்பும் சும்மா வருமா?

பாடம் வீடியோவில்தான், ஆனால் தேர்வுக்கு மையத்துக்குப் போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு சொல்ல வேண்டும், பணமும் கட்டியாயிற்று, வீட்டில் மனைவிக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும். ஓடிப்போக வழியில்லை.

அதைவிட ஒன்று. எங்கள் ஆறு பேருக்கு ஒரு வாட்ஸாப் குரூப். ஒருவர் திருச்சியில் பாங்கில் இருக்கிறார், ஒரு அக்கா இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு படிக்கிறார், மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் "அண்ணா, மூன்றாவது வாரம் முடித்தாச்சா?" என்று அந்த அக்கா கேட்பார், என்னைவிட மூத்தவர், ஆனாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ இரவு லேப்டாப்பைத் திறந்திருக்கிறேன். வாத்தியார் முகத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. இந்த அக்காவையும்தான்.

---

கரும்பலகை | புதன், காலை 5:30

இரண்டாம் ஷிப்ட் தம்பிக்கு வாழ்த்துகள். இதைத்தான் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் பார்த்தேன். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் தொடங்கிவைத்தார்கள். மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலர், சுமார் இருபது குழந்தைகள். எங்கள் தெருவில் எடுத்தது பி.காம். முடித்த பெண். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. கையில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, ஒரு போனில் சில பாட்டும் படமும். ஒரு குழந்தை வரவில்லை என்றால் அந்தப் பெண் வாசலில் போய் நின்று "ஏண்டா வரலை?" என்பாள்.

கல்வித் தொலைக்காட்சியில் அவளைவிட நன்றாக நடத்திய ஆசிரியர்கள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை பார்க்கவில்லை என்று டிவிக்குத் தெரியாது.

---

குறிப்பேடு | புதன், காலை 9:20

எளிமையான வழி இருக்கிறதே. மாணவர்களை வாரத் திட்டம் எழுதச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த நேரம், எங்கே உட்கார்ந்து படிப்பேன் என்று. அதற்கு நல்ல ஆப்கள் உள்ளன. எனக்கு வேலை செய்தது.

---

மாதிரி_பிழை | புதன், காலை 10:10

குறிப்பேடு அவர்களுக்கு: நல்ல யோசனைதான், ஆனால் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கிசில்செக் என்பவரும் கூட்டாளிகளும் இரண்டரை வருடம், சுமார் 250 ஆன்லைன் கோர்ஸ்களில், இரண்டரை லட்சம் பேரிடம் செய்து 2020இல் வெளியிட்டார்கள். திட்டம் எழுதியவர்கள் முதல் சில வாரம் கொஞ்சம் கூடுதலாக ஈடுபட்டார்கள். கடைசி வரை முடித்தார்களா என்று பார்த்தால் வித்தியாசம் தேறவில்லை. சிறு தூண்டுதல் வாசல் கோலம் மாதிரி, கொஞ்ச நாளில் அழிந்துவிடுகிறது.

பணம் கட்டுவது பற்றி இரண்டாம் ஷிப்ட் சொன்னாரே, அதற்கு எண்ணிக்கை உண்டு. எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய கோர்ஸ்களை ரைக், ருயிபெரெஸ் என்ற இருவர் 2019இல் கணக்கெடுத்தார்கள். 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13%. சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பாடப் பக்கத்துக்குள் நுழையவே இல்லை. ஆகவே வைப்பாற்றங்கரை மேடம், வெட்கப்பட வேண்டாம், 58க்கு 8 என்பது அதைவிட மேல்! ஆனால் பணம் கட்டிச் சரிபார்க்கப்பட்ட சான்றிதழ் வழியில் போனவர்களில் முடித்தவர்கள் 46%.

இதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் எல்லோரையும் கட்டணம் கட்டவைத்துவிடலாம்" என்று பாய வேண்டாம். ஏற்கெனவே முடிக்கும் எண்ணம் உள்ளவர்தான் பணம் கட்டுகிறார். குடை பிடித்தவர்கள் நிறைய இருந்த நாளில் மழை பெய்தது என்பதற்காகக் குடையைக் கொடுத்து மழை வரவழைக்க முடியாது.

---

தேர்வறை_23 | புதன், மதியம் 1:15

சார், அப்போ மார்க் கொடுத்தும் பயனில்லை, திட்டம் எழுதியும் பயனில்லை, பணம் கட்டினாலும் சந்தேகம். என்னதான் வேலை செய்யும்?

(இன்று புதன். இன்னும் 11 மணி நேரம் இருக்கிறது. சும்மா சொன்னேன்.)

---

மாதிரி_பிழை | புதன், மாலை 4:40

உன் கேள்விக்கு ஒரு பழைய கதை. 1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும், நடுச் சுற்றில், புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர். அடுத்த சுற்றில் பணம் இல்லை. ஆய்வாளர் வெளியே போனதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் அந்தச் சில நிமிடங்களில் யார் புதிரைத் தொடுகிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்த்தார். காசு வாங்கிப் பழகியவர்கள் தொடுவது குறைந்திருந்தது. பிற்பாடு அவரும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாட்டின்படி மனிதனுக்கு மூன்று வேண்டும்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, கூட யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு.

உன் பைதானில் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவதற்கு ஹாஸ்டல் சீனியர். மேடத்தின் கோர்ஸில் மூன்றுமே இல்லை.

---

தேர்வறை_23 | புதன், மாலை 5:05

சார், டெசி கதை எனக்கு ஒட்டவில்லை. அவர்களுக்குப் புதிர் முதலில் பிடித்திருந்தது, காசு வந்து கெடுத்தது. எனக்கு அந்த கோர்ஸ் முதலிலேயே பிடிக்கவில்லையே, கெடுவதற்கு என்ன இருக்கிறது?

---

மாதிரி_பிழை | புதன், மாலை 5:30

சரியான அடி. என் வழிகாட்டிகூட இதைக் கேட்டதில்லை. எனக்கு இப்போதைக்கு விடை இல்லை.

---

வைப்பாற்றங்கரை | வெள்ளி, இரவு 8:25

இரண்டு நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை, மன்னிக்கவும். ஆனால் சும்மா இருக்கவில்லை. தேறிய அந்த 8 பேரையும் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ஐந்து பேர் ஒரே ஹாஸ்டல் அறை வரிசையில் இருப்பவர்கள், ஒன்றாக உட்கார்ந்து 1.5 வேகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தப் பாடத்தில் அரியர் இருந்ததாம், அதற்காகப் பார்த்தாளாம். இன்னொருத்தி ஆங்கிலம் புரியாமல், தமிழில் கிடைக்கும் எழுத்து வடிவத்தை இறக்கிப் படித்திருக்கிறாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பொறுப்பாளர் நான்! எட்டாவது பையன் மட்டும் "சும்மா பார்த்தேன் மேடம், நல்லா இருந்துச்சு" என்றான். அவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

யாரும் டெக்னாலஜி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த செமஸ்டருக்கு இரண்டு காரியம் செய்யப்போகிறேன். கோர்ஸை நான் ஒதுக்கப்போவதில்லை, நாலைந்து கோர்ஸை வைத்து அவர்களையே எடுக்கச் சொல்வேன், கவுண்ட் குறைந்தால் குறையட்டும். இரண்டாவது, ஐந்தைந்து பேராகப் பிரித்து, செவ்வாய் மாலை லேபில் ஒரு மணி நேரம் ஒன்றாகப் பார்க்கவைப்பேன். அசைன்மெண்டை அப்புறம் அவர்கள் எப்படிப் போட்டாலும் நான் கேட்க மாட்டேன். ஸ்பீக்கர் வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது, ஏற்கெனவே பேசிவைத்திருந்தார் போல.

---

தேர்வறை_23 | வெள்ளி, இரவு 9:10

மேடம், செவ்வாய் மாலை என்றால் எத்தனை மணிக்கு? எங்கள் காலேஜில் 4:30க்கு பஸ் கிளம்பிவிடும். வீட்டிலிருந்து வருபவர்கள் அதை விட்டால் டவுன் பஸ் இரண்டு மாற வேண்டும், வீட்டுக்குப் போக 8 ஆகிவிடும். இந்த மாதிரி ஒரு வகுப்பு எங்கள் காலேஜிலும் வைத்தார்கள், ஹாஸ்டல் பசங்க மட்டும்தான் வந்தோம்.

---

வைப்பாற்றங்கரை | வெள்ளி, இரவு 9:22

அட, எங்களுக்கும் 4:40தான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் வருபவர்கள். மேலே கரும்பலகை ஐயா போனைப் பற்றிச் சொன்னபோது இது எங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தேன்.

செவ்வாய் ஏழாவது பீரியட் லைப்ரரி என்று போட்டிருக்கிறது, யாரும் லைப்ரரிக்குப் போவதில்லை. திங்கள்கிழமை டைம்டேபிள் போடும் சாரிடம் அந்த பீரியடைக் கேட்டுப் பார்க்கிறேன்.